கைமணி அடித்தது, அமீனா ஓடினார்!
வாடகைக் கொடுமையையும் உலக யுத்தத்தையும் எதிர்த்து நின்ற கிளாஸ்கோ நகரத் தாய்மார்களின் கதை

"கண கண கண..."

கைமணி ஒலித்தது. அடுப்பில் கொதித்துக்கொண்டிருந்த குழம்பை அப்படியே விட்டுவிட்டு ஒரு பெண் ஓடி வந்தாள். துணி துவைத்துக்கொண்டிருந்தவள் சோப்பு நுரைக் கையோடு ஓடி வந்தாள். இன்னொருத்தி இடுப்பில் குழந்தையோடு வந்தாள். கையில் கிடைத்ததை எல்லோரும் எடுத்துக்கொண்டார்கள். ஒருத்தியிடம் மாவுப் பொட்டலம். இன்னொருத்தியிடம் ஈரத் துணி.

ஒரு நிமிஷத்தில் மாடிப்படி முழுவதும் பெண்கள்! மேலே ஏறவும் வழியில்லை, கீழே இறங்கவும் வழியில்லை.

வந்தவர் கோர்ட்டு அமீனா. வாடகை பாக்கிக்காக ஒரு குடும்பத்தைச் சட்டி பானையோடு தெருவில் தள்ளுவதற்கு உத்தரவு வாங்கிக்கொண்டு வந்திருந்தார். உத்தரவு பையிலேயே இருந்தது. அமீனாவின் தலையில் மாவு கொட்டியது. கோட்டெல்லாம் வெள்ளை. வந்த வழியே திரும்பி ஓடினார்.

இது நடந்தது 1915-ம் ஆண்டு. இடம், ஸ்காட்லாந்து தேசத்தின் பெரிய நகரமான கிளாஸ்கோ.

அந்தப் பெண்களுக்கு அப்போது ஓட்டு இல்லை. பணம் இல்லை. பலருக்குக் கணவனும் வீட்டில் இல்லை, பட்டாளத்துக்குப் போயிருந்தான். ஆனாலும் அந்த வருஷம் முடிவதற்குள் பிரிட்டிஷ் பார்லிமெண்டு அவர்களுக்காக ஒரு சட்டம் செய்ய வேண்டி வந்தது. 

அதோடு அவர்கள் நின்றுவிடவில்லை. வாடகைக்காகக் கூடிய பெண்களில் பலர், அடுத்த வருஷம் யுத்தமே வேண்டாம் என்று தெருவுக்கு வந்தார்கள்.

ஒரே அறை, ஒரே குடும்பம்

கிளாஸ்கோ நகரத்தின் நடுவே ஓடுவது கிளைடு நதி. நதியின் இரு கரையிலும் கப்பல் கட்டும் பட்டறைகள். தென்கரையில் இருப்பது கோவன் பகுதி. 1912 வரை அது தனி ஊர். பிறகு கிளாஸ்கோ நகரசபையோடு சேர்த்துவிட்டார்கள். அங்கே இருந்தவர்களில் பெரும்பாலோர் பட்டறைத் தொழிலாளிகள்.

அவர்கள் குடியிருந்தது ஒண்டுக் குடித்தனங்களில். மூன்று நான்கு மாடிக் கல் கட்டடம். தெருவிலிருந்து உள்ளே போக ஒரு குறுகலான நடை. நடையின் முடிவில் பொது மாடிப்படி. படியின் இரு பக்கமும் வீடுகள். வீடு என்றால் பலருக்கு ஒரே அறைதான். சமையல், சாப்பாடு, படுக்கை, பிரசவம், சாவு எல்லாம் அந்த ஒரே அறையில். சுவரில் குடைந்த மாடத்தில் கட்டில். கக்கூஸ் மாடிப்படித் திருப்பத்தில். பல குடும்பங்களுக்கு ஒன்று. கொல்லையில் பொது சலவைக்கூடம். அதில் துவைக்க முறை வைத்துக் காத்திருக்க வேண்டும். 1911-ல் எடுத்த ஜனத்தொகைக் கணக்குப்படி கிளாஸ்கோவில் பாதிக்கு மேற்பட்டவர்கள் ஓர் அறை அல்லது இரண்டு அறை வீட்டில்தான் இருந்தார்கள்.

1914 ஆகஸ்டு 4-ந் தேதி பிரிட்டன் யுத்தத்தில் இறங்கியது. கப்பலும் வேண்டும், பீரங்கியும் வேண்டும், குண்டும் வேண்டும். கிளாஸ்கோவில் வேலைக்குப் பஞ்சமில்லை. வெளியூர்களிலிருந்து ஆயிரக்கணக்கான தொழிலாளிகள் வந்து குவிந்தார்கள். வீடு கட்டும் வேலையோ நின்றுபோயிற்று. வீடு கிடைப்பது குதிரைக் கொம்பு ஆயிற்று.

வீட்டுச் சொந்தக்காரர்கள் நேரில் வருவதில்லை. அவர்களுக்கு ஏஜெண்டுகள் இருந்தார்கள். வாடகை வசூல் செய்வது, நோட்டீஸ் கொடுப்பது, கோர்ட்டுக்குப் போவது எல்லாம் அந்த ஏஜெண்டு வேலை. 1915 ஆரம்பத்தில் ஏஜெண்டுகள் வீடு வீடாக நோட்டீஸ் கொடுத்தார்கள். வாடகை உயர்ந்துவிட்டது! சில இடங்களில் நூற்றுக்கு 25 வரை உயர்வு. இஷ்டமிருந்தால் இரு, இல்லாவிட்டால் காலி செய். அந்த வீட்டுக்கு வேறு பத்துப் பேர் காத்திருக்கிறார்கள்.

கணவன் பிரான்சு தேசத்துச் சேற்றில் பதுங்கு குழியில் கிடக்கிறான். வீட்டில் மனைவி சர்க்கார் கொடுக்கும் சிறிய படிப்பணத்தில் நான்கு குழந்தைகளுக்குக் கஞ்சி காய்ச்சுகிறாள். ரொட்டி விலை ஏறிவிட்டது. நிலக்கரி விலையும் ஏறிவிட்டது. அந்த நேரத்தில் இந்த நோட்டீஸ்! கோவன் பெண்களுக்கு வயிறு எரிந்ததில் ஆச்சரியம் என்ன?

கம்பளம் நெய்பவரின் மகள்

கோவன் பெண்களுக்குத் தலைமை தாங்கியவர் மேரி பார்பர். அப்போது அவருக்கு வயது 40. 

கிளாஸ்கோவுக்குப் பக்கத்தில் கில்பார்க்கன் என்ற நெசவாளர் கிராமத்தில் 1875-ல் பிறந்தார். தகப்பனார் கம்பளம் நெய்பவர். வீட்டில் ஏழு குழந்தைகள். மேரியும் சிறு வயதிலேயே நூல் முறுக்கும் வேலைக்குப் போனார். பிறகு கம்பளத்தில் சாயம் அச்சிடும் வேலை. 1896-ல் டேவிட் பார்பர் என்ற எஞ்சினியரிங் தொழிலாளியைக் கல்யாணம் செய்துகொண்டார். முதல் குழந்தை ஒரு வயது நிறைவதற்குள் மூளைக் காய்ச்சலில் இறந்துபோயிற்று. பின்பு இரண்டு பிள்ளைகள். குடும்பம் கோவனுக்குக் குடிவந்தது.

மேரி பெரிய படிப்புப் படித்தவர் அல்ல. கின்னிங் பார்க் கூட்டுறவுப் பண்டகசாலையில் பெண்களுக்கு ஒரு சங்கம் இருந்தது. அங்கேதான் கணக்குப் பார்க்கவும், கூட்டம் நடத்தவும், எழுந்து நின்று நாலு வார்த்தை பேசவும் கற்றுக்கொண்டார். சுதந்திரத் தொழிற்கட்சியிலும் சேர்ந்தார். 1914-ல் கிளாஸ்கோ பெண்கள் வீட்டு வசதிச் சங்கம் ஏற்பட்டது. கோவனில் அதன் வேலையை எடுத்துச் செய்தவர் மேரி. அவருக்குத் துணையாக நகரத்தின் மற்ற பகுதிகளில் ஹெலன் க்ராபர்டு, ஆக்னஸ் டாலன் முதலியவர்கள் வேலை செய்தார்கள்.

வேலை எப்படி நடந்தது? மண்டபம் பிடித்து மேடை போடவில்லை. சமையல் அறையில் கூட்டம். கொல்லையில் கூட்டம். மாடிப்படியில் கூட்டம். ஒவ்வொரு நடைக்கும் ஒரு கமிட்டி. எந்த வீட்டில் யார் இருக்கிறார்கள், யாருடைய கணவன் பட்டாளத்தில், யாருக்கு நோட்டீஸ் வந்திருக்கிறது என்பதெல்லாம் அந்த நடையிலுள்ள பெண்களுக்கு மனப்பாடம். இதற்கு டயரி எதற்கு?

முடிவு எளிமையானது. பழைய வாடகையை ஒழுங்காகக் கொடுப்பது; உயர்த்திய பணத்தில் ஒரு பென்னிகூடக் கொடுப்பதில்லை. "வாடகை வேலைநிறுத்தம். நாங்கள் காலி செய்ய மாட்டோம்" என்று அச்சிட்ட அட்டை ஜன்னலுக்கு ஜன்னல் ஒட்டப்பட்டது. ஒரு தெருவில் அந்த அட்டை இல்லாத ஜன்னலைத் தேடிப் பிடிக்க வேண்டும் என்கிற அளவுக்கு அது பரவியது.

நடையின் வாசலில் ஒரு பெண் காவல். கையில் மணி. சில இடங்களில் கிலுக்குக் கட்டை, தகர டப்பா. அமீனா தலை தெரிந்ததும் சத்தம் கிளம்பும். மற்றது வாசகர்களுக்குத் தெரியும்!

இந்தக் கூட்டத்துக்கு ஒரு பெயரும் வந்தது. "பார்பர் அம்மாளின் பட்டாளம்."

ஏஜெண்டின் சூழ்ச்சி

ஏஜெண்டுகளும் சும்மா இருக்கவில்லை. கோவனில் ஒரு ஏஜெண்டு ஒரு தந்திரம் செய்தார். ஒரு வீட்டுக்குப் போவார். பக்கத்து வீட்டுக்காரி உயர்த்திய வாடகையைக் கட்டிவிட்டாள், நீ மட்டும்தான் பாக்கி என்பார். அந்தப் பெண் பயந்துபோய்க் கட்டிவிடுவாள். பிறகு அடுத்த வீடு. அங்கேயும் அதே பேச்சு. இப்படிப் பல வீடுகளில் பணம் வாங்கிவிட்டார்.

பெண்கள் கூடிப் பேசியபோது குட்டு வெளிப்பட்டது. யாரும் தாமாகக் கட்டவில்லை! 

மேரி பார்பர் நேரே கப்பல் பட்டறைக்குப் போனார். விஷயத்தைச் சொன்னார். ஆண்கள் சுத்தியலைக் கீழே வைத்துவிட்டு வெளியே வந்தார்கள். கரி படிந்த முகத்தோடு ஒரு பெருங்கூட்டம் ஏஜெண்டு ஆபீஸுக்குப் போயிற்று. மேரி முன்னால் நின்று பணத்தைத் திருப்பிக் கேட்டார். ஏஜெண்டு ஜன்னல் வழியாக எட்டிப் பார்த்தார். தெரு முழுவதும் கறுத்த முகங்கள். மறு பேச்சு இல்லை. பணம் திரும்பி வந்தது. அக்காலத்துத் தொழிற்சங்கத் தலைவர் வில்லியம் கல்லாச்சர் தம் நினைவுகளில் இதைச் சிரிப்போடு எழுதியிருக்கிறார்.

நகரத்தின் கிழக்கே ஷெட்டில்ஸ்டன் பகுதி. அங்கே 1915 ஜூனில் நடந்தது சிரிப்பதற்கில்லை. யுத்தத்தில் காயம் பட்ட ஒரு சிப்பாயின் குடும்பத்துக்கு வீட்டைக் காலி செய்ய உத்தரவு. பாக்கி எவ்வளவு? ஒரு பவுன்! நூற்றுக்கணக்கானோர் அந்த வீட்டைச் சுற்றிக் கூடிவிட்டார்கள். அங்கே கவுன்சிலராக இருந்த ஜான் வீட்லி அவர்களுக்கு முன்னால் நின்றார். அமீனா உள்ளே போகவே முடியவில்லை. தேசத்துக்காகக் காயம் பட்டவனின் குழந்தைகளைத் தேசத்திலுள்ள கோர்ட்டே தெருவில் தள்ளுவதா என்ற கேள்வி பத்திரிகைகளுக்கும் போயிற்று. யுத்தத்தை ஆதரித்தவர்களுக்குக்கூட அதற்குப் பதில் சொல்ல முடியவில்லை.

அந்தப் போராட்டத்தின் பலமே அதுதான் என்று சொல்ல வேண்டும். வாடகை கொடுக்க மறுத்த பெண்கள் எல்லோரும் யுத்தத்துக்கு விரோதிகள் அல்ல. பலர் ராஜாவின் கொடியை ஜன்னலில் கட்டியிருந்தவர்கள். நதியின் வடகரையில் பார்ட்டிக் பகுதியில் ஊர்வலம் போன பெண்கள் பிடித்த ஒரு பலகை பிரசித்தமானது. எங்கள் கணவன்மாரும் பிள்ளைகளும் ஜெர்மனியின் பிரஷ்யர்களோடு சண்டை போடுகிறார்கள். நாங்கள் பார்ட்டிக்கின் பிரஷ்யர்களோடு சண்டை போடுகிறோம் என்று அதில் எழுதியிருந்தது. இவர்களைத் தேசத் துரோகி என்று யார் சொல்ல முடியும்?

நவம்பர் 17

அக்டோபருக்குள் போராட்டம் நகரம் முழுவதும் பரவிவிட்டது. லண்டன் சர்க்கார் விசாரணைக் கமிட்டி ஒன்று போட்டது. நவம்பரில் சுமார் 20,000 குடும்பங்கள் உயர்த்திய வாடகையைக் கொடுக்க மறுத்து நின்றன.

வீட்டைக் காலி செய்ய வைக்க முடியவில்லை. மணி அடிக்கிறது, மாவு பறக்கிறது. ஆகவே ஏஜெண்டுகள் வேறு வழி தேடினார்கள். சில்லறைக் கடன் கோர்ட்டில் வழக்குப் போட்டால் என்ன? வாடகை உயர்வைக் கடன் என்று காட்டித் தீர்ப்பு வாங்கிவிடலாம். பிறகு தொழிலாளியின் சம்பளத்திலேயே பிடித்துக்கொள்ளலாம். அமீனா மாடிப்படி ஏற வேண்டியதே இல்லை!

கெட்டிக்கார யோசனைதான். ஆனால் அதில் ஒரு பிசகு இருந்தது. இதுவரை சண்டை வீட்டு வாசலில் நடந்தது, பெண்கள் போராடினார்கள். சம்பளத்தில் கை வைத்ததும் சண்டை பட்டறைக்குள் போய்விட்டது. குண்டும் கப்பலும் செய்யும் பட்டறைக்குள்!

1915 நவம்பர் 17-ந் தேதி 18 பேருடைய வழக்கு விசாரணைக்கு வந்தது. ஏறக்குறைய எல்லோருமே யுத்த தளவாட வேலை செய்பவர்கள். அன்று காலையில் கோவனிலிருந்து பெண்கள் குழந்தைகளோடு புறப்பட்டார்கள். வழியில் பேர்பீல்டு முதலிய கப்பல் பட்டறைகளின் தொழிலாளிகள் வேலையை விட்டுவிட்டுச் சேர்ந்துகொண்டார்கள். யுத்தத்தை எதிர்த்துப் பேசியதற்காகத் தண்டிக்கப்பட்டு, உபாத்தியாயர் வேலையையும் இழந்த ஜான் மக்லீனும் கூட்டத்தில் இருந்தார். ஊர்வலம் கோர்ட்டு வாசலை அடைந்தபோது பத்தாயிரம் பேருக்கு மேல் இருந்தார்கள். தெருவில் வண்டி போக இடமில்லை. வெளியே பேச்சாளர்களின் குரல், உள்ளே வழக்கு. உள்ளே இருந்தவர்களுக்கு வெளிச் சத்தம்தான் அதிகம் கேட்டிருக்கும்!

தொழிலாளர் பிரதிநிதிகள் நீதிபதியைக் கண்டு பேசினார்கள். இந்த வழக்கு நடந்தால் பட்டறைகளில் வேலை நிற்கும் என்பது எல்லோருக்கும் விளங்கிவிட்டது. ஒரு நாள் வேலை நின்றால் எத்தனை குண்டு குறையும்? அப்போது லாயிட் ஜார்ஜ் யுத்த தளவாட மந்திரி. அவருக்கும் அந்தக் கணக்குத் தெரியும். அன்றே வழக்குகள் வாபஸ் ஆயின.

டிசம்பரில் சட்டம் வந்தது. "வாடகை, அடமான வட்டி உயர்வு யுத்தக் கட்டுப்பாடு" என்பது அதன் பொருள். சிறிய வீடுகளின் வாடகை, யுத்தம் தொடங்கிய 1914 ஆகஸ்டில் இருந்த அளவுக்கு மேல் போகக் கூடாது. கிளாஸ்கோவுக்கு மட்டுமல்ல, பிரிட்டன் முழுவதற்கும்.

சட்டத்தின் பெயரில் அடமான வட்டி ஏன் வந்தது? கிளாஸ்கோவின் வீட்டுச் சொந்தக்காரர்களில் பலர் கோடீசுவரர்கள் அல்ல. சிறு வியாபாரிகள், வாடகையை நம்பிய விதவைகள். வீட்டை அடமானம் வைத்துக் கடன் வாங்கியவர்கள். கடன் கொடுத்தவன் வட்டியை உயர்த்திக்கொண்டே போனால், வாடகையை மட்டும் கட்டிப் போடுவது நியாயமாகுமா? ஆகவே வட்டிக்கும் கடிவாளம் போட்டார்கள். இதை மறந்துவிட்டு எல்லா வீட்டுச் சொந்தக்காரர்களையும் அரக்கர்களாகச் சொல்வது சரியல்ல.

யுத்தம் முடிந்த ஆறு மாதத்தில் சட்டம் தீர வேண்டும் என்று ஏற்பாடு. தீரவில்லை. எடுத்தால் என்ன ஆகுமோ என்ற பயம் எல்லா சர்க்காருக்கும் இருந்தது. ஒரு சட்டம் போய் மறு சட்டம் வந்தது. பிரிட்டனில் புதிய தனியார் குடித்தனங்களுக்கு அந்த வகைக் கட்டுப்பாடு நீங்கியது 1988-ம் ஆண்டுச் சட்டத்துக்குப் பிறகுதான். பம்பாயிலும் 1918-ல் யுத்தக் கட்டுப்பாடு என்ற பெயரோடேயே ஒரு வாடகைச் சட்டம் வந்தது.

தபாலில் வந்த படிவம்

வாடகைச் சண்டையில் ஜெயித்தாயிற்று. ஆனால் வாடகை உயர்ந்தது எதனால்? யுத்தத்தால். கணவன் வீட்டில் இல்லாதது எதனால்? யுத்தத்தால். 

1916 ஜனவரியில் கட்டாய ராணுவச் சேவைச் சட்டம் வந்தது. முதலில் கல்யாணம் ஆகாத ஆண்களுக்கு. மே மாதம் கல்யாணம் ஆனவர்களுக்கும். இனி இஷ்டமுள்ளவன் போகலாம், இல்லாதவன் இருக்கலாம் என்ற பேச்சே இல்லை.

ஜூலை 1-ந் தேதி பிரான்சில் சோம் நதிப் பக்கம் பெரும் போர் தொடங்கியது. அந்த ஒரே நாளில் பிரிட்டிஷ் பட்டாளத்தில் 19,240 பேர் இறந்தார்கள். காயம் பட்டவர்களையும் சேர்த்தால் 57,470. கிளாஸ்கோ நகரத்தின் பெயரால் திரட்டிய படைகளும் அங்கே இருந்தன. ஒரே தெருவில் விளையாடியவர்கள், ஒரே பட்டறையில் வேலை பார்த்தவர்கள், ஒன்றாகச் சேர்ந்து, ஒன்றாக மாண்டார்கள்.

அதிகாரி இறந்தால் வீட்டுக்குத் தந்தி வரும். சாதாரணச் சிப்பாய் இறந்தால் தபாலில் ஓர் அச்சடித்த படிவம் வரும். பெயரையும் நம்பரையும் தேதியையும் மட்டும் பேனாவால் எழுதியிருப்பார்கள். ஒண்டுக் குடித்தனத்தில் இரகசியம் இல்லை. தபால்காரர் எந்தக் கதவைத் தட்டினார் என்பது அந்த நடை முழுவதற்கும் தெரியும்.

ஹெலன் க்ராபர்டு முன்பு பெண்களுக்கு ஓட்டுரிமை கேட்டு ஜன்னல் கண்ணாடியை உடைத்துச் சிறைக்குப் போனவர். பாதிரியாரின் மனைவி. 1914-ல் ஓட்டுரிமை இயக்கத்தின் தலைவியான திருமதி பாங்க்ஹர்ஸ்டு யுத்தத்தை ஆதரித்தார். க்ராபர்டு அந்த இயக்கத்தை விட்டே விலகினார். 1916 ஜூனில் ஹெலன் க்ராபர்டு, ஆக்னஸ் டாலன், மேரி பார்பர் ஆகியோர் கிளாஸ்கோவில் "பெண்கள் சமாதான இயக்க"த்தைத் தொடங்கினார்கள். கேட்டது ஒன்றுதான். சண்டையை நிறுத்து, உட்கார்ந்து பேசு.

வாடகைக்குக் கைகொடுத்த அதே வழிதான். கொல்லைக் கூட்டம், மாடிப்படிப் பேச்சு, பட்டறை வாசலில் துண்டுப் பிரசுரம். ஆனால் இந்தத் தடவை கதவு அவ்வளவு எளிதாகத் திறக்கவில்லை.

காரணம் உண்டு. வாடகை என்றால் எதிரி ஏஜெண்டு. அவரை எல்லோருக்கும் பிடிக்காது. யுத்தம் வேண்டாம் என்றால்? போன மாதம் மகனைப் பறிகொடுத்த தாய் கதவைத் திறக்கிறாள். அவளிடம் போய் இந்த யுத்தம் வீண் என்று எப்படிச் சொல்வது? என் மகன் வீணாகவா செத்தான் என்று அவள் கேட்டால் என்ன பதில்? அந்தத் தாயும் நேற்று மாடிப்படியில் பக்கத்தில் நின்று மாவு வீசியவள்தான்.

வேறொரு சங்கடமும் இருந்தது. அன்று கோர்ட்டு வாசலுக்கு ஓடி வந்து உதவிய தொழிலாளிகள் கட்டுவது போர்க் கப்பல். அந்தச் சம்பளத்தில்தான் அடுப்பு எரிகிறது.

சர்க்காரும் கண்ணை மூடிக்கொண்டிருக்கவில்லை. தேசப் பாதுகாப்புச் சட்டம் கையில் இருந்தது. 1916 ஏப்ரலில் ஜான் மக்லீனுக்கு மூன்று வருஷக் கடுங்காவல் விதித்தார்கள். ஆக்னஸின் கணவர் பாட்ரிக் டாலன், ஆயுதம் எடுக்க மாட்டேன் என்று மறுத்ததற்காகச் சிறை சென்றார்.

முதல் வருஷம் இயக்கம் மெதுவாகவே நடந்தது. 1917 மார்ச்சில் ரஷ்யாவில் புரட்சி. ஜார் சக்கரவர்த்தி பதவி இழந்தார். சமாதானம் வரலாம் என்ற நம்பிக்கை எங்கும் பிறந்தது. அந்த வருஷம் ஜூலை 8-ந் தேதி, ஞாயிற்றுக்கிழமை. கிளாஸ்கோ கிரீன் என்ற பெரிய மைதானத்துக்குப் பல பக்கமிருந்தும் ஊர்வலங்கள் வந்தன. பாண்டு வாத்தியம், கொடி, குழந்தைகள். சுமார் 14,000 பேர் கூடினார்கள். மேரி பார்பரும் ஹெலன் க்ராபர்டும் பேசினார்கள். 

அங்கிருந்து இயக்கம் லீட்ஸ், பிராட்போர்டு, லெஸ்டர், பர்மிங்காம் என்று இங்கிலாந்து நகரங்களுக்குப் பரவியது. எல்லா இடத்திலும் பூமாலை கிடைக்கவில்லை. நெல்சன் என்ற நெசவு நகரத்தில் ஆகஸ்டில் ஊர்வலம் போன பெண்களைச் சுற்றி ஆயிரக்கணக்கானோர் கூடி ஏசினார்கள். மண்ணாங்கட்டி வீசினார்கள். குதிரைப் போலீசார் பக்கத்தில் வர, பேசியவர்களின் குரல் கூச்சலில் அமுங்கிப் போயிற்று. ஆனாலும் பெண்கள் ஊர்வலத்தை நடத்தி முடித்தார்கள்.

அந்த வருஷக் கடைசியில் கிளாஸ்கோ நகரசபைக் கட்டடத்தில் ஒரு வேடிக்கை. வெளியே பெண்கள் ஆர்ப்பாட்டம் செய்துகொண்டிருந்தார்கள். போலீசாரின் கவனம் அங்கே. க்ராபர்டும் டாலனும் மெல்ல உள்ளே போய்விட்டார்கள். கவுன்சிலர்கள் தலைமீது சமாதானத் துண்டுப் பிரசுரம் மழையாகப் பொழிந்தது! இருவரும் கைது செய்யப்பட்டார்கள்.

யுத்தம் நின்றதா? இல்லை. வாடகையை ஒரே வருஷத்தில் நிறுத்திய பெண்களால் யுத்தத்தை ஒரு நாள்கூட முன்னதாக நிறுத்த முடியவில்லை. 1918 நவம்பர் 11-ந் தேதிதான் பீரங்கிகள் ஓய்ந்தன. அதற்குள் கிளாஸ்கோவிலிருந்து போனவர்களில் சுமார் 18,000 பேர் திரும்பி வரவில்லை.

அமீனாவை விரட்டியவர் நீதிபதி ஆனார்

1918-ல் முப்பது வயதுக்கு மேற்பட்ட பெண்களில் பலருக்குப் பார்லிமெண்டு ஓட்டு கிடைத்தது. 1920-ல் கிளாஸ்கோ நகரசபைத் தேர்தல். அந்த வருஷம் ஐந்து பெண்கள் கவுன்சிலர் ஆனார்கள். நகரசபைக்கு வந்த முதல் பெண்கள் அவர்கள்தான். அவர்களில் ஒருவர் மேரி பார்பர். அவருடைய வார்டின் பெயர் பேர்பீல்டு. ஆம், கப்பல் பட்டறையின் அதே பெயர்.

மேரி கவுன்சிலில் பேசியது என்ன? சலவைக்கூடம், குளிக்கும் அறை, பள்ளிக்கூடக் குழந்தைகளுக்கு இலவசப் பால், பிள்ளைகள் விளையாட இடம், பிரசவமான தாய்க்கு வீட்டு வேலைக்கு உதவி. க்ஷயரோகம் பரவாமல் தடுப்பது. பெரிய ராஜதந்திரம் ஒன்றுமில்லை. ஒரே அறையில் குடித்தனம் நடத்தியவருக்கு எது குறை என்று தெரியாதா?

1924-ல் அவரை நகரசபையின் மாஜிஸ்திரேட்டுகளில் ஒருவராக நியமித்தார்கள். கிளாஸ்கோவில் அந்த ஆசனத்தில் உட்கார்ந்த முதல் பெண்களில் அவர் ஒருவர். பத்து வருஷத்துக்கு முன் அமீனாவை விரட்டியவர், இப்போது நீதி வழங்கும் இடத்தில்! 1920-களின் நடுவில் கோவனில் பெண்களுக்கு ஒரு ஆஸ்பத்திரியும் ஏற்படச் செய்தார். வரிசையாகப் பிள்ளை பெற்று உடல் தேய்ந்த தாய்மார்களுக்குக் குடும்பக் கட்டுப்பாடு பற்றி டாக்டர்கள் யோசனை சொன்னார்கள். அந்தக் காலத்தில் அதற்குக் கடுமையான எதிர்ப்பு. மேரி பணம் திரட்டி நடத்தினார்.

ஷெட்டில்ஸ்டனில் சிப்பாய் வீட்டு வாசலில் நின்ற ஜான் வீட்லியும் உயர்ந்தார். 1924-ல் அமைந்த முதல் தொழிற்கட்சி மந்திரிசபையில் சுகாதார மந்திரி ஆனார். நகரசபைகள் ஏழைகளுக்கு வீடு கட்டி வாடகைக்கு விடப் பண உதவி செய்யும் சட்டம் அவர் கொண்டுவந்தது.

மேரி பார்பர் 1931-ல் கவுன்சிலிலிருந்து விலகினார். வயதான காலத்தில் ஏழைக் குழந்தைகளைக் கடற்கரைக்கு உல்லாசப் பயணம் அனுப்பும் வேலையைச் செய்துகொண்டிருந்தார். 1958-ல், 83-வது வயதில் கோவனில் காலமானார்.

பிறகு வெகு காலம் அவரைப் பலரும் மறந்துபோனார்கள். நகரத்தில் ராஜாக்களுக்கும் தளபதிகளுக்கும் சிலை உண்டு, மேரிக்கு இல்லை. கோவன் ஜனங்கள் ஒரு சங்கம் அமைத்துப் பணம் சேர்த்தார்கள். 2018 மார்ச் 8-ந் தேதி, சர்வதேசப் பெண்கள் தினத்தன்று, கோவன் கிராஸ் சந்திப்பில் அவருடைய வெண்கலச் சிலை திறக்கப்பட்டது. சிற்பி ஆண்ட்ரூ பிரௌன் அவரைத் தனியாக நிறுத்தவில்லை. மேரி முன்னால் நடக்கிறார். அவருக்குப் பின்னால் ஆணும் பெண்ணும் குழந்தைகளுமாக ஒரு வரிசை வந்துகொண்டிருக்கிறது.